பானட்டின் உள்பக்கம்

1

போன வாரம் சூப்பர் மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்த என் காரை ஒரு வயதான வெள்ளைக்காரம்மா பின்பக்கமாக வந்து இடித்துவிட்டாள். இடித்ததோடு இல்லாமல் அழவும் ஆரம்பித்துவிட்டாள். இடி வாங்கியவன் நான், ஆறுதல் சொன்னவனும் நான். ஆக்லாந்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. சென்னையில், பாடி சந்திப்பில் இதே மாதிரி நடந்திருந்தால் இந்நேரம் நாலு பேர் கூடி, இரண்டு பேர் என் பக்கம், இரண்டு பேர் அவள் பக்கம் என்று பிரிந்து, கடைசியில் எல்லாருமாக டீ குடித்திருப்பார்கள். இங்கே அவள் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

காரை எடுத்துக்கொண்டு பேனல் பீட்டர் கடைக்குப் போனேன். நம் ஊர் டிங்கரிங் ஷெட்தான், தரை மட்டும் சுத்தமாக இருக்கும். கல்லாவில் இருந்த பெண்ணிடம், "டிக்கியில் பலமான அடி" என்றேன். "ஐயோ பாவம், டிக்கி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் எத்தனையோ வார்த்தைகளை மாற்றிக்கொண்டேன், இந்த டிக்கி மட்டும் வாயைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. பிறகு, "டூப்ளிகேட் போட்டுவிடாதீர்கள்" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் சிரித்த முகத்தோடு எஸ்டிமேட்டை இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் ஒருவழியாக அவளுக்குப் புரிந்தது. என் கார் பழசு என்பதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரிஜினல் பார்ட் தரமாட்டார்களாம். அதே அளவில், அதே வடிவில் வேறு யாரோ செய்ததைத்தான் போடுவார்களாம். "கவலைப்படாதீர்கள், ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றாள்.

அந்த வார்த்தையை இதற்கு முன்னால் ஒருவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதும் வயிறு எரிய ஆரம்பித்தது. கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நான் பொறாமைக்காரன். இதை என் மனைவி கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஊரில் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிற ரகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் படகு வாங்கினான், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கூட வேலை பார்ப்பவனுக்குப் பதவி உயர்வு வந்தது, கை குலுக்கினேன். என் பொறாமை முழுவதையும் சேர்த்து வைத்து ஒரே ஒரு ஆள்மேல் செலவழிக்கிறேன். அவன் பெயர் எட்வின்.

2

என் அப்பாவும் எட்வினின் அப்பாவும் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. மதுரைக்காரர், நெல்லைக்காரர், வேலூர்க்காரர் என்று எல்லா ஊரும் ஒரே வரிசையில் குடியிருந்த இடம் அது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே மாதிரி சைக்கிள் கிளம்பும். நானும் எட்வினும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியின் தூணில் ஆணியால் ஆளுக்கொரு எழுத்துக் கீறி வைத்தோம். அவனுக்கு எ, எனக்கு மு. முரளியின் மு. என் மு-வின் வால் எப்போதும் தேவைக்கு மேல் நீளமாக இழுபடும். "இன்னாடா, வாலு அம்பத்தூர் வரைக்கும் போவுது?" என்று கிண்டல் செய்வான்.

அவன் அப்பா சீக்கிரம் போய்விட்டார். எட்வின் ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நான் மேலே படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வேலை, பிறகு இன்னொரு வேலை, பிறகு விமானம். நான் ஊரில் இருந்தவரை என் அப்பாவை அவன் அங்கிள் என்றுதான் கூப்பிட்டான். நான் கிளம்பிய பிறகு அப்பா ஆக்கிக்கொண்டான். அம்மா போனில் இதைப் பெருமையாகச் சொன்னாள். "உன் எடத்த நிரப்பிட்டான்டா." நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் என்ன நிரப்புவது என்று கேட்க நினைத்தேன். ஐ.எஸ்.டி. கட்டணத்தில் சண்டை போட மனம் வரவில்லை.

அப்பா ஓய்வு பெற்று நூம்பலில் வீடு கட்டினார். சுற்றிலும் பாதி வயல், பாதி மனைக்கல். அவருக்கு ஒரு கார் வாங்கித் தர வேண்டும் என்பது என் ஆசை. அப்போது நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கார், வெள்ளை நிறத்தில். பணம் நான் அனுப்பினேன், வண்டியை எடுத்து வந்தது எட்வின். மாங்காட்டுக் காமாட்சி அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார்கள். போட்டோ வந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பின்சீட்டில் அப்பாவும் அம்மாவும், முன்னால் மாலை போட்ட காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் எட்வின். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன், வெள்ளிக்கிழமை மாங்காட்டில் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கார் வாங்கிய நான் அந்தப் போட்டோவில் எங்கும் இல்லை.

அப்பாவின் காரைப் பார்த்துப் பார்த்து அவனும் அதே கார், அதே வெள்ளையில் ஒன்று வாங்கினான். பழைய வண்டிதான், ஆனால் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பான். அப்பா அதைப் பற்றியும் போனில் நிறையச் சொன்னார்.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. எங்கே போவதாக இருந்தாலும் எட்வின்தான். எந்தப் பல் டாக்டர் நல்லவர், எந்தக் கடையில் அரிசி வாங்கலாம், எந்த நாளில் மோட்டாருக்குக் கிரீஸ் போடலாம், எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பதில்: "எட்வின் சொன்னா சரியாத்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தை ஏழாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து கேட்பவனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

3

தொண்ணூற்றாறில் அம்மாவுக்கு முட்டியில் பிரச்சினை. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும். பஸ் படி ஏற முடியாது. எட்வின் காரில் கூட்டிப் போவான். அப்படி ஒரு நாள் போகும்போது பாடியில், முன்னால் நின்ற லாரி திடீரென்று பின்னுக்கு வந்து காரின் மூக்கை நசுக்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. எஞ்சினை மூடுகிற பானட், முன்விளக்குகள், நடுவிலிருக்கும் கிரில், எல்லாம் போயிற்று.

அப்பா போன் செய்தபோது முதலில் அம்மாவைப் பற்றித்தான் கேட்டேன். அடுத்த கேள்வி, "யார் ஓட்டினது?" தெரிந்த பதில்தான். அதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"எட்வின்தான்பா. ஆனா அவன் மேல தப்பு இல்ல. லாரிக்காரன்தான் பின்னாடி பாக்காம வந்துட்டான்."

"சரிப்பா. ஆனா ஒண்ணு. கம்பெனி பார்ட்தான் போடணும். டூப்ளிகேட் போட்டு ஏமாத்திடுவானுங்க. ஒரிஜினல் வர வரைக்கும் வண்டிய ஷெட்டிலேயே விடுங்க. நான் வந்து பாப்பேன், எனக்குத் தெரிஞ்சுடும்."

எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளையின் வார்த்தைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கேட்பவர்கள் நின்றுகொண்டே கேட்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கேட்டார். என் மனதில் இருந்ததோ வேறு. எட்வின் எப்படியும் ஏதோ ஒரு ஷெட்டில் போட்டு மலிவாக முடித்துவிடுவான், அதில் அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இருந்தது. வண்டி நன்றாக வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இல்லை.

கொஞ்ச நாளில் அப்பா பேசினார். வண்டி தயார், எல்லாம் ஒரிஜினல், அம்மா மறுபடியும் ஆஸ்பத்திரி போய்வருகிறாள் என்றார். இவ்வளவு சீக்கிரமா? கம்பெனி பார்ட்டுக்கு மாதக் கணக்கில் காக்க வைக்கிறார்கள் என்று இங்கே இருக்கும் சென்னைக்காரர்கள் எல்லாரும் சொன்னார்களே? டிசம்பரில் டிக்கெட் போட்டேன். பிடித்துவிடலாம் என்ற சந்தோஷத்தில் விமானத்தில் தூக்கம்கூட வரவில்லை.

4

அம்மாவுக்காக ஆக்லாந்திலிருந்து ஒரு காந்தம் வாங்கிப் போயிருந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கிற, செம்மறி ஆட்டு பொம்மை போட்ட காந்தம். அவள் அதை ஃபிரிட்ஜில் ஒட்டிய அரை மணி நேரத்தில் நான் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அடிபட்ட தகட்டைப் பட்டி என்கிற பசையைப் பூசி நிரப்பியிருந்தால் காந்தம் பிடிக்காது. இதை யாரோ எங்கேயோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

அப்பாவின் காரில் ஆடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. ஓரம், நடு, மூலை, எல்லா இடத்திலும். முன்விளக்கின் கண்ணாடியில் கம்பெனி முத்திரை இருந்தது. பானட்டும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்போது எட்வின் தன் காரில் வந்து இறங்கினான். "இன்னா மச்சான், வந்ததும் வராததுமா வண்டியாண்ட நிக்கிற?" என்று கட்டிக்கொண்டான். என் மகள் நித்யாவுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் ஒரு வார்த்தை பேச வைக்க நான் தவம் கிடக்கிறேன், அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். எட்வின் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். திரும்பி வரும்போது அவள், "இன்னா நைனா, நல்லாகீறியா?" என்று என்னைக் கேட்கிறாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர்கள் உள்ளே போனதும் அவன் காரிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. ஆனால் தகடு மெல்லிசு, தட்டினால் எண்ணெய் டின் மாதிரி சத்தம். பானட் சரியாக மூடவில்லை, ஓரத்தில் விரல் போகிற இடைவெளி. வெள்ளை கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. சுத்தமான டூப்ளிகேட். கண்ணாடி மாதிரி வைத்திருப்பானாமே! அதைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வது. மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மறுநாள் அப்பாவின் கார் பானட்டைத் தூக்கி உள்பக்கம் பார்த்தேன். அங்கே சின்னதாக ஒரு சிலுவை. சிவப்பு நகப்பாலிஷால் போட்டது. அதன்மேல் எஞ்சின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கறுத்திருந்தது. பக்கத்தில் அப்பா வைத்த சந்தனம், குங்குமம், அது புதுசு.

"இது என்னப்பா சிலுவை?"

"வண்டி சரியாகி வந்தப்பவே இருந்துது. எட்வின் ஜெபம் பண்ணிப் போட்டிருப்பான்னு நெனச்சேன். பக்கத்துல நானும் நம்ம சாமிக்கு வச்சேன்."

சமீபத்தில் போட்டதில் இத்தனை பிசுக்கு எப்படி வரும்? இது புது பானட்டே இல்லை. எவனோ ஒரு கிறிஸ்தவனின் உடைந்த காரிலிருந்து கழற்றி விற்றது. எட்வினுக்குச் சர்ச்சில் தெரிந்தவன் எவனாவது மலிவாகத் தள்ளியிருப்பான். பிடித்துவிட்டேன்!

5

"அப்பா, ஷெட் வரைக்கும் போலாம் வாங்க. எட்வின், நீயும் வா" என்றேன். மூவரும் அப்பாவின் காரில் பாடிக்குப் போனோம். எட்வின் ஓட்டினான். தனியாகக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்பா எதிரில் நடக்க வேண்டும். "எட்வின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற வாக்கியத்தை அன்றோடு அந்த வீட்டில் ஒழித்துவிட வேண்டும்.

ஏழுமலை என்பவரின் டிங்கரிங் ஷெட் அது. பானட்டைத் தூக்கி, சிலுவையைக் காட்டி, "இது எங்க வாங்கினது மேஸ்திரி?" என்றேன்.

ஏழுமலை எட்வினைப் பார்த்தார். எட்வின் என் கையைப் பிடித்தான். "மச்சான், வெயில் ஏறிகினு போவுது. அம்மா சாப்புடாம காத்துகினு இருப்பாங்க. வா, போலாம்."

"அவன எதுக்குப் பாக்கறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க. இது புதுசா, பழசா?"

"பழசுதான் சார்."

நான் அப்பாவிடம் திரும்பினேன். "கேட்டுக்கிட்டீங்களா?"

"ஆனா ஒரிஜினல் சார்" என்றார் ஏழுமலை. "கம்பெனில கேட்டா, இப்போ வரும் அப்போ வரும்னு ஆட்டம் காட்டிகினு இருந்தான். பெரியவரு வேற, என் புள்ள சொல்லிட்டான், டூப்ளிகேட்டு வோணவே வோணாம்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி போவணும். எத்தினி நாளு வண்டிய இங்கியே போட்டுக்கினு இருக்கறது? அப்பாலதான் எட்வின் சார் அவரு வண்டிய இட்டாந்து, இதுலேர்ந்து கயட்டி அதுல மாட்டுன்னாரு. பானட்டு, லைட்டு, கிரில்லு எல்லாம் அவரு வண்டிது. டூப்ளிகேட்டு அவரு வண்டில கீது. இந்தச் சிலுவகூட அவரு சம்சாரம் போட்டதுதான்."

எட்வின் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னாண்ணா, சொல்லாதன்னு சொன்னேன்ல" என்றான், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எட்வினிடம் போய் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா என் தோளில் அப்படிக் கை வைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் ஒரு தடவை. அங்கே எல்லா அப்பாக்களும் வைப்பார்கள்.

அந்தச் சில நிமிஷத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். எட்வின் செய்தது அதுவரை அப்பாவுக்குத் தெரியாது. விமானம் ஏறி வந்து, ஆட்டுக் காந்தம் வைத்துச் சோதித்து, அவரைக் கையோடு கூட்டிப்போய் அதைத் தெரியப்படுத்தியவன் நான். என் கையால் நானே அவனுக்கு மாலை போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டுவிட்டு அழுதாள், அன்றையச் சாப்பாட்டில் முதல் வடை அவன் இலையில்தான் விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும், "டேய், கம்பெனி பானட் வரும்போது உன் கார்ல போட்டுக்கோடா" என்றேன். அதற்குத்தான் அவன் சொன்னான்: "எதுக்கு மச்சான்? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரில. வண்டி ஓடுது இல்ல?" சொல்லிவிட்டுக் கிளம்பினான். நூம்பல் தெருவின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் பானட் தடதடவென்று அடித்துக்கொள்வது தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டது. வித்தியாசம் தெரியவில்லையாம்!

6

திரும்பிக் கிளம்புகிற நாள் மத்தியானம், எல்லாரும் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் காரின் பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவி ஸ்டெல்லாவின் சிலுவை இருந்தது. அப்பாவின் குங்குமம் இருந்தது. சம்பாதித்து வாங்கிக் கொடுத்தவன் நான், என்னுடையது என்று அந்த வண்டியில் எங்காவது ஏதாவது இருக்கிறதா? கையில் பெட்டிச் சாவி இருந்தது. சிலுவைக்குக் கீழே 'மு' என்று கீறினேன். நாற்பதை நெருங்குகிறவன் செய்கிற வேலையா அது என்றால், இல்லைதான். கீறி முடித்ததும் கொஞ்சம் சுகமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. வருஷம் இரண்டு ஆகப்போகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ராத்திரி, அங்கே மத்தியானம். பேனல் பீட்டர் கடையிலிருந்து என் கார் வந்துவிட்டதைச் சொல்ல அப்பாவுக்குப் போன் போட்டேன். உண்மையாகவே வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். அப்பா அவர் கார் கதைக்குத் தாவிவிட்டார்.

"நம்ம வண்டிய சர்வீஸுக்கு விட்டோம்பா. பானட்டத் தூக்கினா உள்ள யாரோ கீறி வச்சிருக்கான். 'மு' மாதிரி இருக்கு, கீழ வால் நீளமா. ஷெட்டுல எவனோ வேலை மெனக்கெட்டுக் கிறுக்கியிருக்கான்னு எனக்குக் கோவம் வந்துடுச்சு. பெயிண்ட் அடிச்சு மறச்சுடுன்னேன். எட்வின் வேணாம்னுட்டான்."

"ஏன்பா?"

"அது கம்பெனிக்காரன் போடற மார்க்காம்பா. அது இருந்தாத்தான் ஒரிஜினல்னு அர்த்தமாம். அதத் தொடவே கூடாதுங்கறான்." பிறகு அவரே கேட்டார், "அப்படியாப்பா?"

அவர் நம்பிக் கேட்டாரா, தெரிந்துகொண்டே கேட்டாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. பக்கத்தில் நித்யா, "எட்வின் மாமா கீறாரா? குடு, குடு" என்று ரிசீவருக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஆமாம்பா" என்றேன். "எட்வின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்பாவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. சர்ச் முடிந்து, என் அம்மா கையால் சாப்பிட உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வேறு எங்கே இருக்கப்போகிறான்?